இன்னும் ரெண்டு வருஷம்

தையல்காரி ஒயின் பாட்டில் அடுக்கை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசி முணுமுணுத்தன.

"அண்ணி, மெதுவா. அது அதிரக் கூடாது," என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான் கொழுந்தன்.

"உங்க அண்ணன் போயிட்டார்னு காலையில சொன்னப்பக்கூட நீ நெஞ்சப் புடிக்கல தம்பி."

அவன் கையைக் கீழே இறக்கினான். நடையில் இரண்டு ஆட்கள் அவள் கணவரைத் தூக்குப்படுக்கையில் சுமந்தபடி, அடுக்கு நகரக் காத்திருந்தார்கள். மகள் வரும் விமானம் மதியம்தான் இறங்கும். அதுவரை உடலை வீட்டில் வைக்க வேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றபோது, சவ வண்டிக்காரர் ஒன்றுதான் கேட்டார்: "குளுகுளுன்னு ஒரு ரூம் இருக்காம்மா?"

இருக்கிறதா! காலையிலிருந்து அழாதவள் அப்போது சிரித்தாள். வண்டிக்காரர் ஓரடி பின்னால் போனார்.

அந்த வீட்டில் மனிதர்கள் வெந்தார்கள், ஒயின் குளுகுளுவென்று கிடந்தது. ஒரே ஒரு குளிர்சாதனம், அது பாட்டில்களுக்கு. சன்னலுக்குக் கறுப்புத்திரை. உள்ளே யாராவது இருமினால் பாட்டில்களுக்குச் சளி பிடித்துவிடும் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார் மனுஷன். புருஷனும் பெண்டாட்டியும் படுத்தது மேற்குப் பக்க அறையில். கோடையில் அங்கே சட்டையைச் சுவரில் ஒட்டி வைத்தால் இஸ்திரி ஆகிவிடும். அந்த அறையிலேயேதான் அவள் தையல் இயந்திரமும். எத்தனை கல்யாணப் பெண்களின் உடுப்பில் அவள் வியர்வை சொட்டியிருக்கிறதோ, அதையெல்லாம் பிழிந்தால் ஒரு குளம் நிரம்பும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் ஒருத்தரும் காத்திருக்காமல் மேலே போக வழி செய்தவர். வீட்டிலோ எதுவும் மேலும் போகாது, கீழும் வராது. விருந்தாளி வந்தால் ஒரு பாட்டிலை எடுப்பார், குழந்தையைத் துடைப்பதுபோல் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார், திரும்பப் படுக்கவைப்பார். "பொறுங்க. இப்ப தொறந்தா அது கொலை." வந்தவர்கள் முனைக்கடைச் சரக்கைக் குடித்துவிட்டுப் போவார்கள். வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயரே 'பொறுங்க சார்'.

மகள் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து சாக்கே என்ற ஜப்பான் மது வாங்கி வந்தாள். அரிசியில் செய்தது, சீக்கிரம் குடித்துவிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். கேட்பாரா? அதையும் உள்ளே வைத்துப் பூட்டினார். தண்ணீராய் இருந்தது வருஷம் போகப்போகத் தேன் நிறமானது. ஒருநாள் மூடி அளவு ஊற்றிக் குடித்துவிட்டு, கண்ணை மூடிச் சிரித்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளிடம், "உனக்கு அடுத்த வருஷம். இன்னும் நல்லாயிருக்கும்," என்றார்.

அடி வரிசையில், ஓரத்தில் கிடந்தது கல்யாண வருஷத்து ஒயின். ஒவ்வொரு கல்யாண நாளும் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாரு, நம்ம கூடவே அதுக்கும் வயசாகுது. ரெண்டு பேரும் சேந்து குடிப்போம்."

நேற்று மருத்துவமனையில் அவள் குனிந்து சொன்னாள்: "நாளைக்கு அதக் கொண்டாரேன். நர்ஸம்மாவ நான் பாத்துக்கறேன்." அவர் ஆக்சிஜன் மூடியைச் சிரமப்பட்டு விலக்கினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் காதைக் கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடுக்கு நகர்ந்தது. ஆட்கள் அவரைச் சுவரோரம் படுக்கவைத்தார்கள். இரண்டு பக்கமும் பாட்டில்கள் படுத்திருக்க, நடுவில் அவர்.

"லேபிள் ஒண்ணுதான் பாக்கி," என்றாள். வண்டிக்காரர் வலிய இருமிக்கொண்டு வெளியே போனார்.

அவள் குனிந்து கல்யாண பாட்டிலை உருவினாள்.

"அண்ணி, வேணாம்." கொழுந்தன் பதறினான். "அத ஒரு நாளாவது நிக்க வெக்கணும், வண்டல் அடியில உக்காரணும். அப்புறம் ஊத்தி வெச்சு மூச்சு விட விடணும்."

"மூச்சு விட வேண்டியவரே விடல. இதுக்கு என்ன கேடு?"

"வந்தவங்க என்ன நெனப்பாங்க?"

"அந்த மனுஷன் கூட குடிக்கணும்னு வாக்கு. இன்னிக்கு விட்டா எப்ப, அடுத்த வாரமா?"

தையல் கத்தரியால் மேலுறையைக் கிழித்தாள். தக்கை பாதி வந்தது, பாதி உள்ளே விழுந்தது. கொழுந்தன் தன் பல்லையே பிடுங்கியதுபோல் முனகினான். மெல்லிய கண்ணாடிக் கோப்பைகள் அலமாரியில் நல்ல நாளுக்காகக் காத்துக்கிடந்தன. அவள் தேநீர் டம்ளர் மூன்றை எடுத்தாள். லைனிங் துணியில் வெட்டிய துண்டு ஒன்றை மேலே விரித்து வடிகட்டினாள். வண்டலும் தக்கைத் தூளும் துணியில் நின்றன. பழைய செங்கல் நிறத்தில் இறங்கியது ஒயின்.

புளித்துக் காடியாகப் போயிருக்க வேண்டும் என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள். அப்படி இருந்தால் சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அத்தனை வருஷத்தையும் அவர் முகத்துக்கு நேராக ஒரே மூச்சில் கொட்டிவிடலாம்.

குடித்தாள்.

அவரும் அவர் கூட்டாளிகளும் வெளி விருந்துகளில் கோப்பைக்குள் மூக்கை விட்டு ஈரமண், பழைய செருப்பு என்று அளப்பார்களே, அதெல்லாம் ஒன்றுமில்லை. முதலில் எதுவும் சொல்லாமல் இறங்கியது. இறங்கிய பிறகு, தாமதமாக, ஒரு கதகதப்பு வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. போகவில்லை. அவள் காது மடல் சிவந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவள்போல.

கொழுந்தன் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினான். "அண்ணன் சொன்னது சரிதான் அண்ணி. இன்னும் ரெண்டு வருஷம் போயி..." கண்ணைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினான்.

"வெளிய போய் நில்லு."

போனான்.

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கேட்டுச்சா? நல்லாயிருக்காம். சந்தோஷமா?" முக்காலியை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினாள். "சொல்றதுக்கு இருந்திருக்கலாம்ல. ஈரமண்ணு, செருப்புன்னு எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல." அவர் பங்கு டம்ளரை அவர் தோளோரம் வைத்தாள். இத்தனை வருஷம் பொறாமைப்பட்ட அறையில் இவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்ததே இல்லை. எலும்பெல்லாம் குளிர்ந்தது. அவர் மேல் கிடந்த போர்வை விலகியிருந்தது. அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் செருகினாள்.

மகள் பையைத் தோளில் மாட்டியபடியே வாசற்படியில் வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள்.

"அத தொறந்துட்டியா?"

"ம்."

"அப்பா..."

"ஒண்ணும் சொல்லல."

மகள் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். தெருவில் வண்டி உறுமத் தொடங்கியது. வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கிளம்பலாமாம்மா?"

"பொறுங்க," என்றாள்.

கொழுந்தன் குடித்து வைத்த டம்ளரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துணித்துண்டை அதன்மேல் விரித்து, மகளுக்கு ஊற்ற ஆரம்பித்தாள். அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. வெளியே வண்டியின் உறுமல் நின்றது.