இடது சக்கரம், வலது சக்கரம்

அப்பாவின் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் மட்டும் போகவே இல்லை. மகள் சோப்பு போட்டுப் பார்த்தாள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தாள். போதும் விடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள் அம்மா. அவள் விடவில்லை. துடைத்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிரீஸ் நீலமாக இருந்தது.

ஓடிய வண்டியிலிருந்து கையில் ஒட்டுவது கறுப்பாகத்தான் இருக்கும். டப்பாவிலிருந்து அப்போதுதான் எடுத்தது மட்டுமே நீலம். சாகிற நேரத்தில் இந்த மனுஷன் எதற்குப் புது டப்பாவைத் திறந்தார்?

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். கோர்ட் வாசலை மிதித்தவள் இல்லை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஏன், எப்போது, யார் பார்த்தது என்று எதையும் குடைந்துகொண்டே இருப்பதால் அப்பா வைத்த பெயர் அது. அவளுக்கு அழுகைக்கு முன்னால் கேள்விதான் வரும். என்ன செய்வது, பிறவிக் குணம்.

காலையில் வாசலில் நின்ற வண்டியின் வலது முன்சக்கரத்தருகே அப்பா சரிந்து கிடந்தார். பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்துவிட்டதாம். சித்தப்பா வந்தவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வெளியே போய்ப் பார்த்தாள். டயரில் காற்று கும்மென்று இருந்தது. ஜாக்கி சீட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

மலைமேல் இருக்கும் செல்போன் டவருக்கு டீசல் ஏற்றிப் போகும் ஃபோர்-வீல் டிரைவ் வண்டி அது. தார் ரோட்டில் பின்சக்கரங்கள் தள்ளினால் போதும். சேற்றில் முன்சக்கரங்களும் இழுத்தாக வேண்டும். அதற்கு அவற்றின் நடுவில் இருக்கும் ஹப் பூட்டிக்கொள்ள வேண்டும். அப்பாவிடம் இருந்தது பழைய மேனுவல் ஹப். சேறு வந்தால் இறங்கி, குனிந்து, இரண்டு பக்க ஹப்பிலும் உள்ள திருகைக் கையால் திருப்ப வேண்டும். முட்டி தேய்ந்த மனிதர் மழையில் இப்படி இறங்கி ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், டவுனில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஆட்டோமேட்டிக் ஹப் வாங்கி வந்து மாட்டினான். உட்கார்ந்த இடத்தில் லிவரைப் போட்டால் தானே பூட்டிக்கொள்ளும். விடுபட, லிவரை எடுத்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் போதும்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. டவர் ஏற்றத்தில் வண்டி புதைந்தது. முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கப் பார்த்தபோது பூட்டு கழன்றுகொண்டது. அப்பா அன்றே பழையதை மாட்டிக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். நேரே அண்ணன் கடைக்குப் போய், வேலையாட்கள் முன்னால், உன் வேலையை நம்பி நான் உயிரை விட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு அண்ணன் இந்தத் தெருப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அவள் சக்கரங்களின் அருகே குந்தினாள். இடது பக்கத்தில் திருகைக் காணோம். மொழுக்கென்று ஆட்டோமேட்டிக் ஹப். வலது பக்கத்தில் பழைய மேனுவல், போல்ட்டுகள் பாதி கழன்றபடி. ஒரே வண்டிக்கு இரண்டு விதம்.

மாட்டிக்கொண்டிருந்தாரா, கழற்றிக்கொண்டிருந்தாரா? நடுவில் மனம் மாறி ஒருமுறை மாட்டிப் பார்த்து, மறுபடியும் வேண்டாமென்று கழற்றினாரா? அண்ணன் வழியில் வந்துகொண்டிருந்தான். வந்ததும் அவன் கண் முதலில் சக்கரத்துக்குத்தான் போகும். அப்பா கடைசியாகச் செய்த காரியம் இதைக் கழற்றி எறிந்ததுதான் என்று அவன் நினைத்துவிட்டால், அதைச் சாகும்வரை சுமப்பான். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வலது ஹப்பின் திருகு இடுக்கில் செம்மண் இருந்தது. நகத்தால் கீறினாள். ஈரம் காயவில்லை. பம்பருக்கு அடியில் இடது பக்கத்துப் பழைய ஹப் கிடந்தது. அதிலும் அதே மண். பக்கத்தில் விரித்த செய்தித்தாளில் இன்னொரு ஆட்டோமேட்டிக் ஹப், பளபளவென்று, நீல கிரீஸ் தடவிக் காத்திருந்தது. அவள் உள்ளே ஓடி அம்மாவைக் கேட்டாள். சாவு வீட்டில் இது என்னடி விசாரணை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா மெதுவாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது அண்ணன் வண்டியருகே நின்றிருந்தான். வீட்டுக்குள் இன்னும் நுழையவில்லை.

"மறுபடியும் கழட்டிட்டாரா?" என்றான்.

"இல்லண்ணா. மாட்டிக்கிட்டிருந்தார்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத."

அவள் துணியை நீட்டினாள். "கழட்டுறவர் கையில கறுப்புதான் ஒட்டும். இது புதுசு. பழசு ரெண்டுலயும் நேத்து மண்ணு இன்னும் ஈரமா இருக்கு, தொட்டுப் பாரு. நேத்துவரைக்கும் ஓடினது பழசுதான். நேத்து சாயங்காலம் அம்மாவைப் பரண்ல இருந்து நீ குடுத்த ஹப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னாராம். காலையில ஷேவ் பண்ணிக்கிட்டு, டவுன்ல ஆயில் மாத்திட்டு வரேன்னு சொன்னாராம்."

அண்ணன் துணியை வாங்கவில்லை. அப்பா ஆயுளில் ஒருநாள்கூட ஆயில் மாற்ற அடுத்தவரிடம் போனவரில்லை. அது அவனுக்கும் தெரியும்.

கேள்வி தீர்ந்துவிட்டதால் அவளுக்கு அழுகை வந்தது. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

சித்தப்பா அவசரப்படுத்தினார். இடுகாடு இருக்கும் மேட்டில் வேறு வண்டி ஏறாது, மழை வேறு இருட்டிக்கொண்டு வருகிறது, பழசையே மாட்டு, அதுதான் நம்பிக்கை என்றார். அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வலது சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டான்.

"அந்த ஏத்தத்துல முன்ன பின்ன ஆட்டினா கழண்டுக்கும். அவர் சொன்னது பொய்யில்ல" என்றான் அவளிடம்.

"அப்போ பழசையே மாட்டிடலாமா?"

"வேண்டாம். நிக்காம ஏத்திட்டாப் போச்சு." செய்தித்தாளிலிருந்து புது ஹப்பை எடுத்தான்.

மாட்டி முடித்த பிறகுதான் உள்ளே வந்தான். அம்மா கை கழுவச் சொம்பில் தண்ணீர் நீட்டினாள். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு பேர் நகக்கண்களும் நீலமாக இருந்தன.

அப்பாவை ஏற்றிக்கொண்டு போன மேட்டில் அவன் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. சேறு கண்ணாடிவரை அடித்தது. கியரை மாற்றாமல், யாரிடமும் பேசாமல், ஒரே மூச்சில் ஏற்றினான்.

எல்லாம் முடிந்து வெறும் வண்டியாக இறங்கித் தார் ரோட்டைத் தொட்டபோது நிறுத்தினான். லிவரை எடுத்தான். ரிவர்ஸ் போட்டு, வந்த வழியே மெல்லப் பின்னால் போனான். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி மேட்டைப் பார்த்தாள்.

"எதையாவது விட்டுட்டு வந்துட்டமா?"

வக்கீல்கூட ஒன்றும் கேட்கவில்லை. இடது பக்க ஹப் விடுபட்டு டக்கென்று ஒரு சத்தம் வந்தது. அவன் இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தான், வலது பக்கச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி.