வடக்கு முனையில் நிற்கும் பந்து

"அந்தப் பந்துக்குக் களைப்பா இருக்காதா?" என்று டெஸ்ஸா என்ற ஆறு வயதுக் குழந்தை ஒருமுறை தன் அம்மாவிடம் கேட்டது. ஆஸ்ட்ரண்டர் கல்லூரி மைதானத்தில், 1978 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, ஆர்லன் குபிசெக் என்ற மாணவன் உதைத்த பந்து இன்னும் கீழே வரவில்லை. வடக்கு முனைக் கம்பங்களுக்குச் சற்று முன்னால், லூத்தரன் தேவாலயக் கோபுரத்தின் உயரத்தில், அந்த முட்டை வடிவப் பந்து மெதுவாகச் சுழன்றபடி நிற்கிறது. ஏப்ரலில் குருவிகள் அதன்மேல் உட்காருகின்றன. ஜனவரியில் பனி படிகிறது, மார்ச்சில் உருகிச் சொட்டுகிறது. அது கம்பங்களுக்கு உள்ளே போகுமா, வெளியே போகுமா என்பதுதான் இத்தனை வருஷமாக ஊரின் பேச்சு. அதன் களைப்பைப் பற்றிக் கேட்டது அந்தக் குழந்தை மட்டும்தான். அம்மா ஒரு பாப்கார்ன் பொட்டலத்தை வாங்கிக் கையில் கொடுத்தாள்.

அன்று கடைசி நொடியில் ஆஸ்ட்ரண்டர் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. பந்து கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் மூன்று புள்ளி, லீக் கோப்பை, ஊர்வலம் எல்லாம் நமக்கு. பந்து ஏறியது, நின்றது. நாற்பதாயிரம் பேர் அண்ணாந்து பார்த்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் பொறுமைசாலி. கடைசியில் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆர்லனிடம் வந்து, "தம்பி, உதைச்சது நீ. அது எறங்கும்போது யார் தலையிலயும் விழாமப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறிப் போனார். இறங்காத பந்துக்குப் புள்ளி கிடையாது என்று லீக் வசந்த காலத்தில் அறிவித்தது.

அடுத்த வருஷம் அணி பதினோரு ஆட்டங்களில் மூன்றில் தோற்றது. அதற்கடுத்த வருஷமும் மூன்று. பயிற்சியாளர் பர்டெட் ஹாஸின் பெயரைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அதே குடும்பங்கள், எட்டு வெற்றி ஒரு வெற்றியா என்று கேட்டு, அவர் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகளை நட்டுவிட்டு வந்தன. அவர் போனார். அதற்குப் பிறகு எட்டு வெற்றியை ஊர் கண்ணால் காணவில்லை. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் சட்டையின் நிறத்தை மாற்றினார். ஒருவர் பையன்களைத் தியானம் செய்யச் சொன்னார். ஒருவர் பெட்டிகளைப் பிரிக்காமலே கிளம்பினார். முன்பு நம் ஊரில் மைதானத்து இருக்கைச் சீட்டை உயிலில் எழுதிவைப்பார்கள். ஹெங்க் சகோதரர்கள் அப்பாவின் இரண்டு இருக்கைகளுக்காகப் பத்தொன்பது வருஷம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் அந்த இருக்கைகளை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்க்கிறார்கள்.

பேச்சு மட்டும் குறையவில்லை. தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் பெட்ரோல் நிலையத்தில் மார்லிஸ் காபிக் கடை வைத்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு அங்கே நீள மேஜை நிறைந்துவிடும். தோல் குவளையில் தாயக்கட்டையைக் குலுக்கிப் போட்டுத் தோற்றவர் எல்லோருக்கும் காபி வாங்கித் தருவார். அதன் பிறகு ஊர் எப்போது சரியத் தொடங்கியது என்ற வழக்கு ஆரம்பமாகும்.

"ஹாஸை அனுப்புன அன்னைக்கே முடிஞ்சுது நம்ம கதை," என்பான் கேலன் ஹெங்க்.

"ஹாஸ் என்னய்யா ஹாஸ். அதுக்கு முன்னாடியே முடிஞ்சுது," என்பார் வெர்லின் டீட்ஸ். "அந்தப் பந்து இடது பக்கமா வெலகித்தான் நிக்குது. கண்ணு இருக்கிறவனுக்குத் தெரியும்."

"உன் வயல் வேலியே உன் கண்ணுக்கு நேராத் தெரியல. பந்தைப் பத்திப் பேச வந்துட்ட," என்பாள் மார்லிஸ், காபியை ஊற்றிக்கொண்டே.

மேஜையின் கோடியில் ஆர்லன் உட்கார்ந்திருப்பார். சர்க்கரை போடாத காபியைக் கலக்கிக்கொண்டே இருப்பார். கெட்டிக்காரர் என்றோ கெடுத்தவர் என்றோ அவரைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். முடிவு மேலேயே நின்றுவிட்டது.

ஆர்லன் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றார். சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பந்துக்கு நேர் கீழே, கோட்டுக்கு வெளியே போய் நின்று, ஆட்டம் முடியும்வரை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். அதனால் அன்றிலிருந்து அவர் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்பதைக் கூட்டத்தின் முனகலை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். பிறகு முனகவும் ஆள் குறைந்தது. கழுத்து பின்னால் சாய்ந்தே பழகிவிட்டதால் தேவாலயத்தில் திருவிருந்து வாங்கும்போது தலை குனிவது அவருக்குச் சிரமம். போதகர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தலை குனியாமலும் கடவுளுக்கு முன் பணிவாக நிற்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வெர்லின் டீட்ஸ் இதற்கு நேர் எதிர். மேற்குப் பார்வையாளர் மாடத்தில் அப்பாவிடமிருந்து வந்த இருக்கையில் பதினோரு வயதில் உட்கார்ந்தவர், அதன் பிறகு சொந்த ஊரில் நடந்த ஆட்டத்தில் ஒரு நொடியையும் தவறவிட்டதில்லை. இடைவேளைக்கு முன் எழுந்து கழிப்பறைக்குப் போனதும் இல்லை. அணியிடம் பெருமைப்பட ஒன்றும் மிஞ்சாத காலத்தில் அவருக்கு இது மிஞ்சியிருந்தது. ஒரு அக்டோபரில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது; அதைக்கூட அணி வெளியூர் போயிருந்த வாரத்தில்தான் வைத்துக்கொண்டார். நம் வழக்கப்படி அந்த ஞாயிறு வழிபாடு முடிந்ததும் அக்கம்பக்கத்தார் அறுவடை இயந்திரங்களோடு வந்து அவருடைய சோளத்தை அறுத்துக் கொடுத்தார்கள். ஓடையோரத் தாழ்வு வயல் மட்டும் சேறாக இருந்தது. இயந்திரம் புதையும் என்று அதை விட்டுவிட்டுப் போனார்கள். குளிரில் மண் உறைந்து கெட்டியாகட்டும் என்று காத்திருந்த ஆர்லன், யாரிடமோ இயந்திரம் இரவல் வாங்கி, கிடங்கு வேலை முடிந்த மாலைகளில் அதை அறுத்து முடித்தார். படுக்கையில் இருந்த வெர்லின் ஜன்னல் வழியே விளக்கு போவதையும் வருவதையும் பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரியும். நன்றி சொன்னால் வழக்கில் தோற்றது போல் ஆகிவிடும் என்று எண்ணினாரோ என்னவோ, சொல்லவில்லை. வருஷங்கள் போயின.

இந்த நவம்பரில் ஆர்லனின் அக்கா அடேல் தூரத்து ஒரேகான் மாநிலத்தில் சாகக் கிடந்தாள். தம்பியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினாள். வரும் சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் தாண்ட மாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆர்லன் அந்த மேஜையில் யாரிடமும் எதையும் கேட்டவரல்ல. அன்று கேட்டார்.

"வர்ற சனிக்கிழமை யாராவது ஒருத்தர் எனக்குப் பதிலா அங்க நிக்க முடியுமா?"

குலுக்கிக்கொண்டிருந்த குவளையைக் கேலன் கீழே வைத்தான்.

"அந்தப் பக்கம் யாருய்யா வர்றா? காக்காகூட வர்றதில்ல," என்றான் கேலன். "நிம்மதியாப் போயிட்டு வா."

"இத்தனை வருஷம் விழாதது நீ இல்லாத அன்னைக்கா விழப்போகுது?" என்றார் வெர்லின். "என்னைப் பாக்காத. நான் என் சீட்டை விட்டு எழுந்ததில்ல, எழுந்திருக்கவும் மாட்டேன். போய் அக்காவைப் பாரு."

"விழாதுன்னுதான் நானும் நெனைக்கிறேன்," என்றார் ஆர்லன். "அப்படி நெனைச்சுக்கிட்டேதான் நின்னேன்."

வெள்ளிக்கிழமை அவர் கிளம்பினார். விமான நிலையத்திலிருந்து மார்லிஸைக் கூப்பிட்டு, வடக்குப் பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள்தானே என்று கேட்டார். மாட்டார்கள் என்று அவள் தனக்குத் தெரிந்தவரையில் உண்மையைத்தான் சொன்னாள்.

காலி இருக்கைகள் தொலைக்காட்சியில் தெரிகின்றன என்ற கவலையில், கல்லூரி அந்த வாரம் ஆரம்பப் பள்ளிக்கு இலவசச் சீட்டுகளை அனுப்பியிருந்தது. சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியபோது வடக்கு முனைப் பெஞ்சுகளிலும் அதன் முன்னாலிருந்த புல்லிலும் நூறு குழந்தைகள் காகிதக் கொடிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பந்து அவர்களுக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தது. வெர்லின் மைதானத்தைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார், மறுபடி மைதானத்தைப் பார்த்தார். முதல் கால்பகுதி முடியுமுன் எழுந்தார். அடுத்த இருக்கைக்காரர் தூக்கத்தில் இருந்தார்.

மாடத்தின் அடிவழியாகச் சுற்றி வந்து, ஆர்லன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே புல் முளைப்பதில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். நேர் கீழே நின்று பார்த்தால் இடது, வலது ஒன்றும் தெரியவில்லை. தையல் விட்ட பழைய தோலும் அதற்குப் பின்னால் சாம்பல் நிற வானமும்தான் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் இரண்டு முறை கூட்டம் முனகியது. வெர்லின் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பது இவ்வளவு கடினம் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

இடைவேளையில் பனி கொட்டத் தொடங்கியது. ஆசிரியைகள் குழந்தைகளைக் கைகோக்க வைத்து வரிசையாக பஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் கால்பகுதியில் பாண்டு வாத்தியக்காரர்களும் கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மாடங்களில் யாரும் இல்லை. விழுந்தாலும் இனிப் பந்துக்குக் கீழே ஒரு தலையும் இல்லை, அவருடையதைத் தவிர. இருக்கைக்குப் போய் மிச்ச ஆட்டத்தையாவது பார்த்திருக்கலாம். அவர் நின்றார். பந்தின்மேல் பனி படிந்தது, அவர் தோளிலும் படிந்தது. அந்த நேரத்தில் ஒரேகானில் அடேல் கொஞ்சம் சூப் கேட்டாள். தம்பி கரண்டியால் ஊட்டினார்.

கடைசி விசில் கேட்டது. பையன்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கடைசிப் பையன் போகும்வரை வெர்லின் பந்தையே பார்த்திருந்தார். பிறகு தொப்பியிலிருந்த பனியைத் தட்டிப் போட்டுக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறினார். பந்து எப்போதும் போல் நின்றது.

வீட்டில் மனைவி ஆட்டம் எப்படி என்று கேட்டாள்.

"நல்ல குளிர்," என்று சொல்லிவிட்டு, கழுத்துக்குத் தடவ ஏதாவது தைலம் இருக்கிறதா என்று கேட்டார்.