ஹெலினாவின் கடைசிப் பாட்டில் ஒரு முனகல்

ஹெலினா எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டுக் கையை எடுத்தாள். ஒலி மெல்லத் தேய்ந்தது. அது அடங்கும் இடத்தில் அமைதி வரவேண்டும்; வந்ததோ ‘ம்ம்ம்’ என்றொரு முனகல்.

ஏ.சி.யை நிறுத்திப் பார்த்தார்கள். டியூப்லைட்டை அணைத்தார்கள். வயரை மாற்றினார்கள். முனகல் போகவில்லை.

மண்ணூர்பேட்டையில் அருள்தாஸ் நடத்தும் சின்ன ஸ்டுடியோ அது. ஹெலினாவின் முதல் ஆல்பம், ‘செகண்ட் ஷிப்ட்’. எட்டுப் பாட்டும் அவளே எழுதியவை. தொழிற்பேட்டை ஷெட்டில் பிரஸ் மெஷின் தகடு அடிக்கும் தாளத்தை டிரம்ஸுக்குள் கொண்டுவந்தவள், கடைசிப் பாட்டுக்கு ஒரே கிட்டார் போதும் என்றுவிட்டாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்று ஷெட் அமைதியாகும் பாட்டு. அமைதி இல்லையென்றால் பாட்டு முடியவே இல்லை. நாளை முதல் ஸ்டுடியோ கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுக்களுக்கு.

“கம்ப்யூட்டர்ல கழுவிடலாம்மா,” என்றார் அருள்தாஸ்.

“கழுவுனா நோட்டு தேஞ்சு அடங்கற வாலும் பூடும்ண்ணா. அந்த வாலுதான் பாட்டே.”

பாஸ் கிட்டார் வாசிக்கும் முஸ்தகீம் சிரித்தான். “பேசாம பாட்டுக்கு ஓவர்டைம்னு பேரு வெச்சுடு. மெஷினு இன்னும் ஓடிகினு கீதுன்னு சொல்லிக்கலாம்.”

“வாய மூட்றா.”

மறுபடி வாசிக்கும் முன், ஹெலினா கிட்டாரோடு எழுந்து வலப்பக்கச் சுவரில் தொங்கிய வேளாங்கண்ணி மாதா காலண்டரைப் பார்த்துத் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள். முனகல் நின்றது. மறுபடி ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முனகல் வந்துவிட்டது.

“இன்னா ஹெலினா, உங்க மாதா சுட்ச்ச ஆஃப் பண்ட்டாங்க!” என்றான் முஸ்தகீம்.

ஹெலினா கிட்டாரைக் கழற்றி அவன் தோளில் மாட்டினாள். “நீ போயி அந்தப் பக்கம் திரும்பி நில்லு.”

“நானா? நான் இன்னான்னு கும்புடறது?”

“ஒண்ணும் கும்புடாத. இன்னிக்கு இன்னா தேதின்னு பாரு, போதும்.”

அவன் தேதி பார்த்தான். முனகல் நின்றது.

“அப்ப இது வேண்டுதல் இல்ல. திசை,” என்றாள். அருள்தாஸ் ஹெட்போனைக் கழற்றி அவளையே பார்த்தார்.

கிட்டார் தந்திகளுக்கு அடியில் இருப்பது பிக்கப்: காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். அந்த அசைவு சுருளில் மின்சாரமாகும். அதுதான் நாம் கேட்கும் ஒலி. ஆனால் சுருளுக்கு ஆள் அடையாளம் தெரியாது. எந்தப் புலம் அசைந்தாலும் பாடும். சுவருக்கு வெளியே தெரு டிரான்ஸ்பார்மர். அதன் புலம் ஓயாமல் அசைகிறது; அதைச் சுருள் பிடிப்பதுதான் முனகல். சாரல் அடிக்கும்போது வாளியின் வாயைச் சாரல் பக்கம் காட்டினால் தண்ணீர் பிடிக்கும். பக்கவாட்டில் திருப்பினால் உள்ளே விழாது. சுருளும் அப்படித்தான்.

நாற்காலியைக் காலண்டர் பக்கம் போட்டார்கள். ஹெலினா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப, அருள்தாஸ் ஹெட்போனில் கேட்டபடி, “அங்கதான், அசையாத,” என்றார். முஸ்தகீம் நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினான்.

அவள் வாசித்தாள். ஒலி கடைசி இழை வரை தேய்ந்து அடங்கியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. டிரான்ஸ்பார்மரை நிறுத்தவும் வேண்டாம், கிட்டாரை மாற்றவும் வேண்டாம். சுருள் அந்தப் புலத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்து வாசித்தால் போதும்.