மலையேறிய உத்தரம்

திண்டுக்கல்லில் மரக்கடை வைத்திருக்கும் ஹாஃபிஸா, இருபத்திரண்டு அடி வேங்கை உத்தரத்தை லாரியில் ஏற்றி மலையடிவாரம் வரை தானே கூட வந்தாள். அதற்குமேல் ரோடு இல்லை. மூன்று கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதைதான்.

மேலே கல்லேணி. முந்நூறு வருசத்துக் கல்வீட்டு ஊர். பங்குனியில் காட்டுத்தீ ஏறிவந்து நாற்பது கூரைகளையும் ஒரே பகலில் தின்றுவிட்டது. சனங்கள் உயிர் பிழைத்ததே பெரிய காரியம். மழைக்கு முன்னால் ஊர்ச்சாவடிக்குக் கூரை போட்டுவிட்டால் எல்லாரும் அதற்குள் ஒண்டிக்கொள்ளலாம், வீடுகளைப் பிறகு பார்க்கலாம் என்று ஊர்த்தலைவர் நாச்சிமுத்து முடிவு செய்திருந்தார். உத்தரத்தை மூன்று துண்டாக அறுத்து, மேலே கொண்டுபோய் இரும்புப் பட்டை அடித்துச் சேர்க்கலாமே என்று ஹாஃபிஸா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட மரம் ஊரைத் தாங்காது என்று அவர் மசியவில்லை.

காலை ஏழு மணிக்கு ஊரே இறங்கி வந்தது. ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளுக்குக் கூலிக்குப் போனவர்களும் வந்துவிட்டார்கள். நூறு பேருக்குக் குறையாது. குறுக்குக் கம்புகள் கட்டித் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். கணுக்கால் புதையும் சாம்பலில் ஹாஃபிஸாவும் பின்னாலேயே ஏறினாள்.

பாதி வழியில் ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். உத்தரம் பாறையில் முட்டி நின்றது. அவ்வளவுதான், இனி திரும்பிப் போக வேண்டியதுதான் என்று ஹாஃபிஸா நினைத்தாள். நாச்சிமுத்துவின் தங்கை ராமுத்தாய் முன்னால் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"முனையப் பள்ளத்து மேல விடுங்க. அடிமரத்த நாங்க அமுக்கிப் பிடிச்சுக்கிறோம்."

பெண்கள் அடிமரத்துக் கயிறுகளைப் பிடித்துத் தொங்கினார்கள். ஆண்கள் பக்கவாட்டில் தள்ளினார்கள். அம்புட்டுப் பெரிய மரத்தில் பாதி, கீழே ஒன்றுமில்லாத வெளியில் மெல்ல மெல்லத் திரும்பியது. இருபது வருசமாக மரத்தோடு பழகிய ஹாஃபிஸா, மரம் இப்படி நகர்ந்து பார்த்ததில்லை. எப்போது ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளங்கை எரிந்தபோதுதான் உணர்ந்தாள்.

உச்சிவேளைக்கு, கரிபிடித்த சாவடிச் சுவர்களின் இரண்டு குழிகளிலும் உத்தரம் நூல் பிசகாமல் உட்கார்ந்தது. நாச்சிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெண்கள் தரையைக் கூட்டிப் பாய் விரிக்கத் தொடங்கினார்கள். ஹாஃபிஸா அண்ணாந்து பார்த்தாள். ஒற்றை மரம், அதற்குமேல் வெறும் வானம்.

"இன்னும் கூரையே போடலையேக்கா?"

"உத்தரம் வந்துருச்சுல்லம்மா," என்றாள் ராமுத்தாய். "செத்த நேரம் உக்காரு. சோறு ஆக்கிருவோம்."

ஹாஃபிஸா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.