கடைசி நாள் வழக்குப் பட்டியல்

அந்த உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி அன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெற இருந்தார். ஒரே ஒரு தீர்ப்பு பாக்கி. தட்டச்சு செய்து பையில் வைத்திருந்தார்.

காலையில் மேசை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. ஒரு வழக்குக் கட்டுகூட இல்லை.

"பட்டியல் எங்க?"

"எடுத்துட்டாங்க மேடம்," என்றார் எழுத்தர். "கடைசி நாள்ல உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பதிவாளர் சொல்லிட்டார். பத்தரைக்கு போட்டோ. மதியம் விருந்து. நாலு மணிக்குப் பிரிவுபசாரம்."

"தீயணைப்பு வழக்கு?"

"புது நீதிபதி முதல்லேர்ந்து விசாரிப்பாராம்."

"பதிவாளரைக் கூப்பிடுங்க."

"விருந்துக்கு நாற்காலி எண்ணப் போயிருக்கார்."

நீதிபதி தன் நீதிமன்ற அறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே பிரிவுபசாரத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு இதுதான். தீயணைப்பு வண்டி ஓட்டுநர் தேர்வில் ஒரு பெண் முதலிடம். சீருடை இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது என்பது விதி. சீருடை அளவுகளில் பெண்ணுக்கு அளவு இல்லை. துறை வருத்தம் தெரிவித்தது. ஆறு வருடமாகத் தெரிவித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

நீதிபதிக்கு இது புதிதல்ல. அவர் பதவியேற்ற அன்று அவர் அளவுக்கு அங்கி இல்லை. ஓய்வு பெற்ற ஒருவருடையதைக் கொடுத்தார்கள். தோள் முழங்கை வரை வழிந்தது. ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டார். பதினான்கு வருடம், அதே அங்கி, அதே ஊக்கு.

நாலு மணிக்கு அறை நிரம்பியிருந்தது. இடமில்லாதவர்கள் நின்றார்கள். சுவரோரம் அந்த ஓட்டுநரும் அவளுடைய வக்கீலும். இன்று வழக்கு இல்லை என்று காலையிலேயே சொல்லியும் இருவரும் போகவில்லை.

தலைமை நீதிபதி ஐந்து நிமிடத்தில் முடித்தார். அடுத்து அரசு வக்கீல். தீயணைப்புத் துறைக்காக வாதாடியவர் அவர்தான். பெண்களுக்கு இந்த நீதிபதி திறந்துவிட்ட கதவைப் பற்றி ஆரம்பித்தார். கதவு வழியாக உள்ளே போய் ஒவ்வொரு அறையாகச் சுற்றிக்காட்டினார்.

"அந்த அங்கி மை லார்டுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கும்," என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். தொடர்ந்தார்.

முன்வரிசையில் நீதிபதியின் அக்கா, அருகில் இருந்த நீதிபதியின் கணவர் பக்கம் சாய்ந்தார். "இவருக்கு மூச்சு முட்டாதா?"

"அதுதானே அவர் பொழப்பு."

அரசு வக்கீல் நிறுத்தியபோது மணி நாலு நாற்பது.

நீதிபதி மைக்கை இழுத்துக்கொண்டார். பையிலிருந்து தீர்ப்புத் தாள்களை எடுத்தார். எழுத்தரிடம், "தீயணைப்பு வழக்கைக் கூப்பிடுங்க," என்றார்.

எழுத்தர் கூப்பிட்டார். முப்பது வருடப் பழக்கம்.

கூட்டம் சிரித்தது. நீதிபதி தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை வாசித்தார். நாளைக்கே பணியில் சேர்க்க வேண்டும். பதினைந்து நாளில் அவள் அளவுக்குச் சீருடை தைக்க வேண்டும். அதுவரை சொந்த உடுப்பில் வண்டி ஓட்டலாம்.

பலத்த கைதட்டல். அரசு வக்கீலும் தட்டினார். பாதியில் கை நின்றது.

"மை லார்ட், இது இன்னிக்குப் பட்டியல்ல இல்லை. துறை தரப்புல யாரும் ஆஜராகலை."

"நீங்க முப்பத்தஞ்சு நிமிஷம் பேசினீங்க. பதிவாயிருக்கு."

கையெழுத்திட்டார்.

சுவரோரம் அந்தப் பெண் தன் வக்கீலிடம் கேட்டாள். "இப்ப நான் கைதட்டலாமா?"

"அப்புறம் தட்டிக்கலாம். தீர்ப்பு நகல் தர்ற கவுண்டர் அஞ்சுக்கு மூடிடும், வா."

இருவரும் ஓடினார்கள்.

வக்கீல்கள் சங்கத்தின் பரிசை நீதிபதி தன் அறைக்குப் போய்ப் பிரித்தார். புது அங்கி. அந்த நீதிமன்றத்தில் ஒரு பெண்ணின் அளவுக்குத் தைத்த முதல் நீதிபதி அங்கி. போட்டுப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

மணி ஐந்தேகால்.