ரஹீமா பீவி பேரில் ஒரு சக்கர வீடு

தம்மாம் சூக் கடைவீதியில் பயணப் பெட்டி விற்கிறவன் நான். பெயர் செய்கு அலாவுதீன். இருபத்திரண்டு வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் பெட்டி விற்று வழியனுப்பி வைத்திருக்கிறேன். ஆனால் கட்டிய மனைவியை ஓரிடத்துக்கு உருப்படியாகக் கூட்டிப்போய் உருப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தது கிடையாது. இதை யார் வந்தாலும் ரஹீமா முதல் தேத்தண்ணீருக்குள் சொல்லிவிடுவாள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்று தடவை முயன்றேன். பஹ்ரைனில் இருக்கிற அவள் தங்கை நஸீஹா வீட்டுக்குப் போனபோது, கடல் பாலத்தின் நட்டநடுவில் ஜீப் நின்றுவிட்டது. தங்கைக்கு என்று செய்து கொண்டுபோன பிரியாணியைப் பாலத்து ஓரத்தில் உட்கார்ந்து நாங்களே தின்றோம். ரியாத் போகும்போது டயர் வெடித்தது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால், அது எப்போதோ வெடித்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறது. மூன்றாவது முறை அல்அஹ்ஸா பேரீச்சந் தோட்டம். பெட்ரோல் முள் பழுது என்று நான் சொன்னேன். பெட்ரோலே போடவில்லை என்று அவள் சொன்னாள். இரண்டும் உண்மைதான்.

அன்றைக்கு, கொதிக்கிற ரோட்டோரத்தில் துப்பட்டியைத் தலைக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு, அவள் சொன்னாள்.

"இன்னொரு தடவ என்னய ரோட்டோரத்துல நிக்க வச்சிங்கன்னு வைங்க, அதுக்கப்புறம் ஒங்க வண்டியில கால வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தாலும் டாக்ஸிதான்."

ரஹீமா சொன்னால் சொன்னதுதான். எங்கள் கல்யாணப் பந்தியில் தனக்கு வட்டிலப்பம் கடைசியாக வந்தது என்று கோபித்துக்கொண்டு, இன்றுவரை என் பெரியம்மா வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்காதவள்.

இந்த நிலைமையில்தான் நான் கேரவன் வாங்கினேன். ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகிற சக்கர வீடு. ஜுபைலில் ஓர் இன்ஜினியர் வேலையை முடித்துக்கொண்டு நாட்டுக்குக் கிளம்பும்போது விற்றார். மகளும் படிக்கச் சென்னைக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளை ஒருமுறையாவது ஓரிடத்துக்குக் கூட்டிப்போய், கடலைக் காட்டி, சிரிக்கவைத்துக் கூட்டிவர வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் கேரவனாக வாங்கி வாசலில் நிறுத்தினேன்.

ரஹீமா அதைச் சுற்றி வந்தாள். உள்ளே ஏறினாள். அடுப்பைத் திருகிப் பார்த்தாள், கட்டிலை அமுக்கிப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள். இறங்கி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது யார் பேர்ல இரிக்கிது?"

"என் பேர்லதான். ஏன்?"

"கதவு இரிக்கிது. அடுப்பு இரிக்கிது. படுக்கக் கட்டில் இரிக்கிது. அப்ப இது வீடுதானே? வீடு எப்பங்க ஆம்பள பேர்ல இரிந்திச்சு?"

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு என்றால் பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் உடுப்பை எடுத்துக்கொண்டு பெண் வீட்டில் போய் இருப்பான். நானும் அப்படித்தான் போனேன், என் வாப்பாவும் அப்படித்தான் போனார். மறுவாரமே இஸ்திமாரா என்கிற வண்டிப் பத்திரம் ரஹீமா பீவி பெயருக்கு மாறியது. ஜீப் பழையபடி என் பெயரில் இருந்தது. ஜீப்பில் அடுப்பு இல்லாததால் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த நிபந்தனை, சாலை உதவித் திட்டம். வழியில் நின்றுபோனால் வந்து தூக்கிப்போக ஆள் வேண்டும், அதற்கு எழுத்தில் உத்தரவாதம் வேண்டும், அதுவும் தன் கண் முன்னால் கையெழுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் 'பாலை நண்பன்' என்கிற கம்பெனிக்குப் போனோம். கவுண்டரில் சுகிர்தன் என்று யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இருந்தார். கட்டிய டையும் கலையாத தலையுமாக, எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிற ரகம்.

"எங்களிட்ட மூண்டு திட்டம் இருக்கு அக்கா. வெள்ளி, தங்கம், பிளாட்டினம்."

"தங்கம்" என்றாள் ரஹீமா.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, நான் இன்னும் விளங்கப்படுத்தேல்லை."

"விளக்குங்க தம்பி. ஆனா தங்கம்தான்."

அவர் பாவம், விளக்கினார். வெள்ளியில் இழுக்கிற வண்டியை மட்டும் தூக்கிப்போவார்கள், கேரவன் ரோட்டிலேயே கிடக்கும். பிளாட்டினத்தில் எல்லாவற்றையும் தூக்கிப்போவார்கள். ஆனால் இழுக்கிற வண்டிக்கு வயது பத்துக்குள் இருக்க வேண்டும். என் ஜீப்பின் வயதைச் சொன்னேன். சுகிர்தன் இரக்கத்தோடு பிளாட்டினம் காகிதத்தை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். மிச்சம் தங்கம். திட்டம் யார் பேரில் இருக்கிறதோ அவரையும், அவர் பெயரில் உள்ள வண்டிகளையும், கேரவனுக்குள் இருக்கிற பொருட்களையும், போக வேண்டிய இடத்துக்கே கொண்டுபோய் விடுவார்கள்.

"ஐயா, ஜீப்பும் கேரவனும் ஒரே பேரிலையோ இருக்கு?"

"ஒரே குடும்பம்தான் தம்பி" என்றேன்.

"குடும்பம் எண்டு இதிலை ஒரு கட்டமும் இல்லை ஐயா. பேர்தான் இருக்கு. ரெண்டும் ஒரே பேரிலையோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபத்தி நாலு வருடம் குடித்தனம் நடத்தியவனைப் பார்த்து உன் பேர் வேறு அவள் பேர் வேறா என்று கேட்டால் யாருக்குத்தான் ஏறாது? "அவ பேர்னா என்ன, என் பேர்னா என்ன? யல்லா, எழுதுங்க!" என்று சத்தம் போட்டேன். சுகிர்தன் ரஹீமா பீவி என்று எழுதினார். என் வாயால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது அந்த நிமிடத்தில்தான்.

கடைசியாக ஒரு படிவம் நீட்டினார். கேரவனுக்குள் இருக்கும் பொருட்களின் பட்டியல். அதில் எழுதாத பொருளுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றார். ரஹீமா பேனாவை வாங்கினாள். இடியாப்ப உரல் என்று ஆரம்பித்தாள். குக்கர் இரண்டு, தொழுகைப் பாய், மாசிக்கருவாடு டப்பா, வெந்நீர்ப் பை, என் முட்டிவலித் தைலம். சுகிர்தன் எனக்கு இரண்டாவது தடவை தேத்தண்ணீர் வரவழைத்தார். இரவு இஷா தொழுகைக்குக் கூப்பிட்டாகிவிட்டது. இவள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி மூடி போட்ட சட்டி, மூடி போடாத சட்டி என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"வீட்டக் காலி பண்ணிட்டா போறோம்?" என்று கடுகடுத்தேன்.

"விட்டுப்போச்சுன்னா யாரு பொறுப்பு? பேசாம சாட்சிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

படித்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. போட்டேன். சுகிர்தன் முத்திரை குத்தினார்.

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்ததும் உகைர் கடற்கரைக்குக் கிளம்பினோம். ரஹீமா ஜீப்பின் முன்சீட்டில் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்ரோலை நிரப்பியிருந்தேன். ஸ்டெப்னியை மூன்று பேரிடம் காட்டியிருந்தேன். பாதி வழி தாண்டியதும் அவள் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அப்படி அவள் ஊற்றிக் கொடுத்தால் நல்ல மூடில் இருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கடலுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் என்று பலகை வந்தது. அந்தப் பலகையைப் பார்த்ததும் ஜீப் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. ரேடியேட்டர். நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து இறங்கப் போனவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எறங்காத ரஹீமா! நீ எறங்கினாத்தான் ரோட்டோரத்துல நின்னதா ஆகும். உள்ளேயே இரி!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் இறங்கவில்லை. நான் போன் போட்டேன். எடுத்தது சுகிர்தன்தான். முக்கால் மணி நேரத்தில் வண்டி வந்துவிடும் என்றார், வந்துவிட்டது. ஓட்டுநர் குல் ஜமான் என்கிற பட்டாணியர். இறங்கியதும் சலாம் சொன்னார், என் ஜீப்பைப் பார்த்து உச்சுக்கொட்டினார், கையிலிருந்த டேப்லெட்டைப் படித்தார். பிறகு எனக்குத் தெரிந்த இந்தியிலும் அவருக்குத் தெரிந்த அரபியிலும் பேச்சு நடந்தது.

"டிரெய்லர், அச்சா. மேடம், அச்சா. சாமான், அச்சா. ஜீப் மாஃபி."

"ஜீப் மட்டும் ஏன் இல்ல, பாய்?"

"ஜீப் பேர் வேற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சரி, ஜீப் கிடக்கட்டும். நான் வரேன்ல?" என்றேன். அவர் மறுபடியும் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நீ யாரு?"

"ஜீப்போட சொந்தக்காரன்."

"அப்ப நீயும் மாஃபி. கலாஸ்."

கலாஸ் என்றால் பேச்சு முடிந்தது. நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டத்தைப் பிடித்தால் விடமாட்டார். ஐந்தே நிமிடத்தில் கேரவனைத் தன் வண்டியில் கொக்கி போட்டு, ரஹீமாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஜீப்பிலிருந்து நேரே அதில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டு பெரியது. ஏசியும் வேலை செய்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவள் சொன்ன வார்த்தைப்படி அவள் ரோட்டோரத்தில் நிற்கவில்லை. நான்தான் நிற்கிறேன். நான் காட்ட ஆசைப்பட்ட கடலை ஒரு பட்டாணியர் காட்டப் போகிறார்.

வண்டி பத்தடி நகர்ந்தது, நின்றது. கதவு திறந்தது. ரஹீமா உள்ளே இருந்தபடியே கையை நீட்டினாள். கையில் பட்டியல்.

"பாய், ஏக் மினிட். சாமான் ஒண்ணு விட்டுப்போச்சு. ரெண்டாவது பக்கம் பாருங்க. நாப்பத்தோராவது."

குல் ஜமானுக்குத் தமிழ் படிக்க வராது. நான் ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். நாற்பது, மூடி போடாத சட்டி. அதற்குக் கீழே, அழகான கையெழுத்தில், 'நாற்பத்தொன்று: மாப்பிள்ளை, ஒன்று. பழையது.'

"என்ன ரஹீமா இது?"

"வீடு என் பேர்ல. மாப்புள எப்பவும் வீட்டுக்குள்ள இரிக்கிறவருதானே? எழுதாட்டி அவங்க பொறுப்பில்லன்னு அந்தத் தம்பி சொல்லிச்சில்ல?"

குல் ஜமான் நம்பவில்லை. சுகிர்தனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம்.

"ஓம், இருக்குது" என்றார் சுகிர்தன், ஈனக்குரலில். "முத்திரை நான்தான் குத்தியிருக்கிறன். சாட்சிக் கையெழுத்து ஐயாவின்ரைதான். பொருளே தான் பொருள் எண்டு கையெழுத்து வைச்சிருக்கு. நான் என்ன செய்ய? ஏத்தச் சொல்லுங்கோ." அதையே இந்தியிலும் சொன்னார்.

குல் ஜமானுக்கு உத்தரவு கிடைத்ததும் முறைப்படிதான் எல்லாம். ஒவ்வொரு பொருளுக்கும் எண் ஒட்டிப் படம் எடுக்க வேண்டுமாம். என் சட்டைப் பையில் 41 என்று ஸ்டிக்கர் ஒட்டினார். முன்னால் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். போலீஸ் ஸ்டேஷனில்கூட யாரையும் இப்படி எடுத்திருக்க மாட்டார்கள். ரஹீமா வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஜீப்பைப் பூட்டிவிட்டு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

சாயங்கால அஸர் தொழுகைக்குச் சற்றுப் பிந்தி உகைர் போய்ச் சேர்ந்தோம். கடல் பச்சையாகக் கிடந்தது. குல் ஜமான் கேரவனை இறக்கி நிறுத்தி, சாமான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடைசியாக என்னையும் சரிபார்த்து, ரசீதை ரஹீமாவிடம் நீட்டினார். எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்ததா, ஏதாவது சேதமா என்று கேட்டார்.

ரஹீமா என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"புதுச் சேதம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் போனதும் இரண்டு நாற்காலியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் போட்டேன். அவள் பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேத்தண்ணீரை ஊற்றி முதலில் என்னிடம் நீட்டினாள். வண்டியில் இனிமேல் ஏறுவாயா என்று கேட்கத் தைரியம் வராமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் பேசினாள்.

"அடுத்த லீவுக்கு அபஹா போவோம். மலையெல்லாம் இரிக்கிதாமே."

"எதுல போறது?" என்றேன்.

"நம்ம ஜீப்லதான். மொதல்ல ரேடியேட்டர மாத்துங்க. அப்பறம் அதையும் என் பேருக்கு மாத்திருங்க. ஒவ்வொரு தடவையும் ஒங்களச் சாமான்ல எழுதிக்கிட்டு இரிக்க முடியாது."

மறுநாள் கூலி வண்டி பிடித்து ஜீப்பையும் கேரவனையும் தம்மாமுக்கு இழுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறப்பதற்கு முன்னால் அந்த இரண்டு வேலையையும் முடித்தேன்.