வலைக்குள் பன்னிரண்டு செடிகள்

சூரியன் மேலே வருவதற்குள்ளேயே துருவிக்குக் கழுத்து வலித்தது. பதினாறு வருஷமாகக் குனிந்தே வேலை பார்த்தவளை அண்ணாந்து பார் என்றால் வேறென்ன ஆகும்? அந்தக் காபித் தோட்டத்தில் பூச்சிக்காய் பொறுக்குகிற பதினாலு பெண்களில் அவள் ஒருத்தி. காய் பழுப்பதற்கு முன்னால், வண்டு துளைத்ததை மட்டும் தேடிக் கிள்ளிப் பையில் போட வேண்டும். அறுவடை வரைக்கும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேலையால்தான்.

எதையும் தோண்டித் துருவிக் கேட்கிறவள் என்று அவளுக்குத் துருவி என்ற பட்டப்பெயரை வைத்தது, கூடவே காய் பொறுக்குகிற அண்ணி. அந்தப் பேரைக் கேட்டுத்தான் மேனேஜர் அவளை, பறவைகளை ஆராய வந்திருந்த பெண்ணுக்கு உதவியாக அனுப்பினார்.

"ஒரு குருவியைப் பார்த்துட்டீங்கன்னா அது கண்ணுல இருந்து மறையற வரைக்கும் விடாதீங்கக்கா. எங்க கொத்துதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் பறவைக்காரப் பெண்.

"இலைக்கு அடியில. மறுபடி இலைக்கு அடியில. இப்போ பட்டை... அட, கீழ காபிச் செடிக்கு வந்துடுச்சு!"

கட்டைவிரல் அளவு இருக்கும், பச்சையும் மஞ்சளும் கலந்த குருவி. குளிர்காலத்தில் கடலும் மலையும் தாண்டி வருமாம், வெயில் ஏறினால் திரும்பிவிடுமாம். இத்தனை வருஷம் தலைக்கு மேலே இப்படி ஒரு கூட்டம் வேலை செய்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லையே என்று துருவிக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வரிசையில் பன்னிரண்டு செடிகளுக்கு வலை போட்டிருந்தார்கள். வண்டு புகும், குருவி புகாது. பக்கத்தில் பன்னிரண்டு செடி திறந்தபடி. இரண்டிலும் யாரும் காய் கிள்ளக் கூடாது. எதில் துளைக்காய் அதிகம் என்று ஆறு வாரம் கழித்து எண்ணிப் பார்ப்பதாகத் திட்டம். ஆனால் நாலாம் நாளே பறவைக்காரப் பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வலைக்குள் ஒரு துளைக்காய்கூட இல்லை.

"நான்தான் கிள்ளிட்டேன்" என்றாள் துருவி. "வலை கட்டு தளர்ந்திருந்துது, சரி பண்ணப் போனேன். துளைக்காயைப் பார்த்தா கை சும்மா இருக்காதும்மா."

பறவைக்காரப் பெண் கோபப்பட நினைத்துச் சிரித்துவிட்டாள். "உங்க கை நூறு குருவிக்குச் சமம்க்கா. ஆனா இது கணக்குல சேராது." வேறு பன்னிரண்டு செடிக்கு வலையை மாற்றிப் போட்டார்கள்.

அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே அண்ணி கேட்டாள். "ஏண்டி, எல்லா வண்டையும் குருவியே தின்னுடுதுன்னு தெரிஞ்சா, நாம எதைப் பொறுக்குறது?"

"விரலளவு குருவி எவ்வளவு தின்னுடும் அண்ணி?"

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்காதே, அவ்வளவுதான் சொல்வேன்."

துருவி சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஆறாம் வாரம், எண்ணுவதற்கு முந்தின சாயங்காலம், அவள் மட்டும் வலைகளின் முன்னால் நின்றாள். உள்ளே கொத்துக்கொத்தாகத் துளைக்காய். திறந்த செடிகளில் தேடினால்தான் கிடைத்தது. கட்டை அவிழ்த்து அரை மணி நேரம் கிள்ளினால் போதும், இரண்டும் சமமாகிவிடும். கை தானாகக் கட்டின் பக்கம் போனது. அண்ணியின் மூன்று பிள்ளைகளையும் நினைத்தாள், தன் வீட்டு அரிசிப் பானையையும் நினைத்தாள். ஆனாலும் அந்தக் குருவி உண்மையில் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் எண்ணினார்கள். திறந்த செடியில் ஒன்று என்றால் வலைக்குள் மூன்று. பறவைக்காரப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். "குருவி தங்குற நிழல் மரங்களை மேனேஜர் வெட்டப் பார்க்கிறாரே, இதை வச்சு வெட்ட விடாம பண்ணிடலாம்க்கா!" துருவிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பறவைக்காரப் பெண் ஊருக்குப் போன மூன்றாம் நாள், மேனேஜர் பதினாலு பேரையும் கூப்பிட்டார். மரம் வெட்டுகிற பேச்சே கிடையாது என்றார். அதே மூச்சில், பூச்சிக்காய் பொறுக்கும் வேலையும் இனி கிடையாது என்றார். "குருவி சும்மாவே செய்யுது. உங்களை எதுக்கு வேலைக்கு வச்சுக்கணும்?"

"குருவி தின்னது போக ஒரு பங்கு மிச்சம் இருக்கே ஐயா" என்றாள் துருவி. "வெயில் வந்தா குருவியும் போயிடும்."

"போனா சொல்லி அனுப்புறேன்."

"அதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிடுங்க ஐயா."

அவர் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார். அண்ணி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று துருவிக்குத் தோன்றியது. "எங்கிருந்தோ வந்துட்டுப் போறதுக்கு வேலை இருக்கு, இங்கயே கெடக்குறவளுக்கு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலிப் பையை மடித்தாள்.

ஒருவேளை மனசு மாறுவார் என்று மறுநாள் காலை பதினாலு பேரும் போய் வேலிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே முதல் வரிசைச் செடியில் ஒரு குருவி இறங்கியது. காயின் காம்போரம் ஒரு கொத்து, இலைக்கு அடியில் ஒரு கொத்து. துருவி தன்னையறியாமல் உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று வரைக்கும் வந்தபோது காவல்காரர் கம்பைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கம்மா. சத்தத்துக்குக் குருவி பயந்துடும்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

பதினாலு பேரும் சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.